ஆம் என்று அமுக்கியவர்கள்

அடுக்களைக்குள் நறுமுகை தவழ்ந்து வந்தபோது, சிங்க்குக்குக் கீழே இருந்த பெட்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. தோசை ஊற்றிக்கொண்டிருந்த வடிவு கரண்டியை மாவுக்குள்ளேயே விட்டுவிட்டுப் பிள்ளையை வாரி எடுத்தாள். இரண்டடி பின்னால் நகர்ந்ததும் விளக்கு பச்சையானது. தன் காலை மட்டும் நீட்டிப் பார்த்தாள். பச்சைதான். பிள்ளையின் பாதம் தரையில் படும்படி ஒரு நொடி இறக்கிப் பிடித்தாள். மறுபடியும் மஞ்சள்.

பச்சை என்றால் பெட்டி சும்மா இருக்கிறது. மஞ்சள் என்றால் எலி ஒன்று பக்கத்தில் வந்திருக்கிறது. சிவப்பு என்றால் எலி செத்துவிட்டது. ஆற்றங்கரைக் குடியிருப்பின் நானூறு வீட்டிலும் இது தெரியாதவர் யாருமில்லை. தோசை கருகுகிற வாடை வந்த பிறகுதான் அடுப்பின் நினைப்பே வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆறு கரை தாண்டிப் பாளையங்கோட்டைப் பக்கம் புகுந்தது. தண்ணீர் நாலே நாளில் வடிந்துவிட்டது; எலிகள்தான் வடியவில்லை. எலிக்காய்ச்சலில் இந்தக் குடியிருப்பில் மட்டும் பத்தொன்பது பேர் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் வீட்டுக்கு ஒரு மின்பொறி கட்டாயமாயிற்று. அதற்குக் கம்பெனிக்காரர்கள் ஏதோ நீளமாகப் பேர் வைத்திருந்தார்கள். ஜனங்களுக்கு அது பெட்டி.

மசால்வடை வாசனைக்கு மயங்கி வருகிற எலிக்காகக் காத்துக் கிடக்கிற பழைய கம்பிப் பொறி இல்லை இது. பெட்டியின் வாசலில் ஒரு தட்டு உண்டு. அதன்மேல் ஏதாவது ஏறினால் எடை, உடம்புச் சூடு, இதயத் துடிப்பு மூன்றையும் கண்மூடித் திறப்பதற்குள் பார்த்து, எலிதான் என்று முடிவு செய்தால் மின்சாரத்தைப் பாய்ச்சிவிடும். அப்புறம் அந்நேரம் வீட்டில் இருக்கிறவர் போனுக்கு ஒரு கேள்வி வரும்: எலியா? கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். அந்தப் பதிலை வைத்துத்தான் பெட்டி கற்றுக்கொள்கிறது என்று மாட்ட வந்தவர்கள் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அதையெல்லாம் யார் காதில் வாங்கினார்கள்? போன் சிணுங்கினால் ஆம் என்று அமுக்கிவிட்டு அவரவர் சோலியைப் பார்த்தார்கள்.

வடிவு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கண் ஆஸ்பத்திரி ஒன்றில் கண்ணாடிக்கு அளவு பார்க்கிற வேலை அவளுக்கு. புருஷன் நயினார் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன் என்றாலும், மாதத்தில் ஒரு நாள் ஆபீசுக்குப் போயாக வேண்டும். அந்த ஒரு நாள் இன்றைக்குப் பார்த்துத்தான் வந்து வாய்த்தது. பெட்டிக் கம்பெனிக்குப் புகார் சொல்லி இரண்டு மணி நேரத்தில், குடியிருப்புப் பெட்டிகளைப் பழுது பார்க்கிற ஜெனிட்டா வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றியபோது வியர்வை வழிந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு டேப்லெட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறிற்று.

"பாப்பாவ இந்தப் பக்கமே விடாதீங்கக்கா."

"தவழுத பிள்ளைய எப்படி விடாம இருக்க? ஏன் மஞ்சள் எரியுதுன்னு மொதல்ல சொல்லு."

"நானூறு பெட்டிக்கும் மூளை ஒண்ணுதான்க்கா. ஒரு வீட்டுல படிக்கிறது எல்லா வீட்டுக்கும் போயிரும். ஆரம்பத்துல சுண்டெலியிலருந்து பெருச்சாளி வரைக்கும் இருக்குற எடையும் துடிப்பும்தான் எலின்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருந்தோம். இப்ப எலின்னா என்னன்னு கேட்டா வேற என்னென்னவோ சொல்லுது. அணில் எலிங்குது. பூனைக்குட்டி எலிங்குது. மேல எட்டு கிலோ வரைக்கும் போயிட்டு."

வடிவு இடுப்பிலிருந்த பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். போன வாரம் தடுப்பூசி போடப் போனபோது நர்ஸம்மா எடை பார்த்துச் சொன்னது எட்டேகால்.

"எட்டு கிலோவுல ஏது எலி?"

"எலி இல்லதான். ஆனா அப்படி ஒண்ணு எங்கயோ ஒரு வீட்டுல தட்டு மேல ஏறியிருக்கு. போன மாசம் நடந்திருக்கு. பெட்டிக்குச் சந்தேகம் வந்தா அடிக்காது, லேசா ஒரு ஷாக் மட்டும் குடுத்து விட்டுரும். விட்டுட்டு, எலியான்னு கேக்கும். அந்த வீட்டுல ஆமான்னு சொல்லியிருக்காங்க."

"சொன்னா?"

"அடுத்த தடவ சந்தேகப்படாதுக்கா. தப்பிச்சது திரும்ப வரும்னு காத்துக்கிட்டிருக்கும். வந்தா மொத அடியே முழு அடி."

நாயாக இருக்கலாம், நரியாகக்கூட இருக்கலாம் என்று ஒரு மனசு சொன்னது. மூன்றாவது மாடி, நாலாவது மாடி அடுக்களைக்கு எந்த நரி படியேறி வரும் என்று இன்னொரு மனசு கேட்டது. எட்டு கிலோவில் வீட்டுக்குள் தவழுகிற ஜீவன் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எந்த வீடுன்னு சொல்லு. நான் இப்பவே போய்ச் சொல்லிட்டு வாரேன்."

"வீட்டு நம்பர் எங்களுக்குக் காட்டாதுக்கா. சட்டம் அப்படி."

"அப்ப எல்லாப் பெட்டியையும் அணைச்சிரு."

"என் கையில இல்ல. நீங்க அணைச்சாலும் உள்ள பேட்டரி இருக்கு. வாசல்ல எதையாவது வச்சு மறைச்சா ரெண்டு மணி நேரத்துல சுகாதாரக் குழு வந்து கதவுல சிவப்புச் சீட்டு ஒட்டி, வீட்டோட எல்லாரையும் காய்ச்சல் முகாமுக்கு ஏத்திட்டுப் போயிருவாங்க." ஜெனிட்டா குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒரு வழி இருக்கு. ஆம்னு போட்ட பழைய பதில இல்லைன்னு திருத்தலாம். ஒரே நாள்ல நூறு பேர் திருத்தினா மூளை தானா பழைய நிலைக்குப் போயிரும். அதோட அந்த எட்டு கிலோ பதிலும் திருந்தணும். அது அப்படியே கெடந்தா அந்த வீட்டுப் பெட்டி மட்டும் அடங்காது."

"நூறு பேர் தப்பா சொல்லியிருக்காங்களா?"

"அதுக்கும் மேலக்கா. முக்காவாசி அம்பது கிராம், அறுபது கிராம். துடிப்பப் பாத்தா மூஞ்சூறு. ஏன் இத்தன பேர் மூஞ்சூற எலின்னு சொன்னாங்கன்னுதான் எனக்கு விளங்கல. எதக் காட்டினாலும் எலி எலின்னு சொன்னா அதுக்குச் சந்தேகப்படுற புத்தியே மழுங்கிப் போகாதா?"

ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் பைபிளோடு போகிற பெண் ஜெனிட்டா. அவளுக்கு விளங்காதுதான். வடிவுக்கு விளங்கியது; காது மடல்வரை சுட்டது. ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்தபோது, நீண்ட மூக்கோடு ஒரு மூஞ்சூறு கிடந்தது. பிள்ளையாரின் வாகனம். பிள்ளைக்குத் தலைமுடி எடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. எலியா என்று போன் கேட்டது. இல்லை என்று அமுக்கினால், பிறகு என்ன என்று கேட்கும். தன் விரலால் மூஞ்சூறு என்று எழுதிக் கொடுக்க அவளுக்குத் தெம்பில்லை. ஆம் என்று அமுக்கிவிட்டு, அதைத் தாளில் சுற்றி வேப்பமரத்தடியில் புதைத்து, குளித்து, குடியிருப்புப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, பன்னிரண்டு தோப்புக்கரணமும் போட்டு வந்தாள். நயினாரிடம்கூட மூச்சு விடவில்லை. ஆக, நூறு வீட்டிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது.

சாயங்காலம் நயினார் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள், மூஞ்சூறைத் தவிர. அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"எந்த வீடுன்னு தெரியுமா?" என்றான்.

"தெரியாதாம். பாவம், எந்தப் புண்ணியவதி பெத்த பிள்ளையோ."

"நாயா இருக்கும்."

"நாய்னா ஏன் எலின்னு சொல்லணும்? கண்ணு தெரியாதவங்களா?"

அவன் நறுமுகையைத் தூக்கிக்கொண்டான். பிறகு வழக்கம்போல மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அடுக்களைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கொஞ்ச நாளாகவே அவனுக்கு ஆபீஸ் அறை, நாற்காலி எதுவும் ஆகவில்லை. அடுக்களைதான் குளிர்ச்சி என்கிறான். சாம்பார் வாசனை இல்லாமல் இவருக்குக் கம்ப்யூட்டர் ஓடாது என்று வடிவு அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிக்கு நாலடி தள்ளி ஒரு பலகையைக் குறுக்கே நிறுத்தி, அது விழாமல் அரிசி டிரம்மை முட்டுக் கொடுத்தாள். அவன் எழுந்து வந்து, அவள் சொல்லாமலே, அதை இன்னும் ஒரு சாண் நகர்த்திக் கெட்டியாக வைத்தான்.

மறுநாள் வேலை முடிந்து வந்த கையோடு, தவழுகிற பிள்ளை இருக்கிற வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். குடியிருப்பில் அப்படி ஆறு வீடுகள். முதல் வீட்டுக்காரி காப்பி கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. இரண்டாவது வீட்டில் தாத்தா, தங்கள் வீட்டில் எலியே கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். அவர் தலைக்குப் பின்னால் பெட்டியில் மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது. பி பிளாக் பேச்சியம்மாள் ஒருத்திதான் வாய்விட்டுக் கேட்டாள்.

"என் பிள்ளைய நானே எலின்னு சொன்னேங்கியா, மதினி?"

"அப்படிச் சொல்லல பேச்சி. தெரியாம அமுக்கியிருந்தா..."

"தெரியாம அமுக்க நான் என்ன குருடியா? ஒம் பிள்ளைய நீ ஒழுங்காப் பாத்துக்கோ." கதவு அடைபட்டது.

வடிவு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கதவுகளில் ஏதோ ஒன்றுக்குப் பின்னால் ஒரு பெட்டி காத்திருக்கிறது. அந்தப் பிள்ளை இன்றைக்கோ நாளைக்கோ மறுபடி போகும். தட்டு பளபளவென்று இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பளபளப்பைக் கண்டால் போதாதா? யாரிடம் எப்படிக் கேட்டாலும், பெட்டியிடம் சொன்ன அதே பதிலைத்தான் மனுஷிக்கும் சொல்லுவார்கள். இவர்கள் உண்மையைச் சொல்லுகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து நேரே பிள்ளையார் கோவிலுக்கு நடந்தாள்.

பூசாரி சொரிமுத்து சிதறுதேங்காய் உடைக்கிற கல்லைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மூஞ்சூறு செத்துப்போச்சுன்னு பரிகாரத்துக்கு எத்தன பேர் வாராங்க?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "உன்னையும் சேத்துக் கேக்கியாம்மா, சேக்காமலா?"

"சேத்துத்தான்."

"அத ஏன் கேக்க. பெட்டி வந்ததுலருந்து தேங்கா ஓடு பொறுக்கி மாளல. போன வாரம் மட்டும் ஒம்பது பேரு. ஒருத்தர் வாரது இன்னொருத்தருக்குத் தெரியாது. எல்லாம் விடியக்காலத்துல தலையக் குனிஞ்சுக்கிட்டு வருவாக."

அவள் ஜெனிட்டா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். கிழவர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"சாமிகிட்ட சொன்னத நான் வெளிய சொல்லக் கூடாதேம்மா."

"யார் பேரையும் சொல்ல வேண்டாம். பரிகாரம் இன்னும் முடியலன்னு மட்டும் சொல்லுங்க. போன்ல போட்ட பொய்யத் திருத்தினாத்தான் முடியும்னு சொல்லுங்க. நாளைக்குச் சதுர்த்தி, எல்லாரும் வருவாங்கல்ல."

சொரிமுத்து தாடையைத் தடவினார். "நானும் நினைச்சதுண்டு. பெட்டிகிட்ட பொய்யச் சொல்லிட்டு இங்க வந்து உண்மையச் சொல்லுதாக. பிள்ளையாரு கேட்டு என்ன செய்வாரு? அவருகிட்டயா போன் இருக்கு?"

வடிவு தன் போனை எடுத்து அவர் முன்னாலேயே ஆடி மாதப் பதிலைத் தேடினாள். இல்லை என்று அமுக்கினாள். எலி இல்லையென்றால் அது என்ன என்று கேட்டது. மூஞ்சூறு என்று எழுதி அனுப்பினாள். அனுப்பிய பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானது உண்மை.

சதுர்த்தியன்று சாயங்காலம் கோவில் முன்னால் நிற்க இடமில்லை. பிள்ளையை நயினாரிடம் விட்டுவிட்டு வடிவு சீக்கிரமே வந்து, வேம்படியில் ஜெனிட்டாவின் பக்கத்தில் நின்றாள். தீபாராதனை முடிந்ததும் சொரிமுத்து மைக்கைப் பிடித்தார். அந்த மைக்கில் அவர் அதுவரை செருப்பை ஒழுங்காக விடச் சொன்னதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. பெட்டியில விழுந்த வாயில்லா ஜீவனுக்காக இங்க வந்து தேங்கா உடைச்சவுக எத்தனயோ பேரு. யாரு எவருன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பரிகாரம் எதுவும் பலிக்கல. பொய் இன்னும் போன்ல அப்படியே கெடக்கு. அந்தப் பொய்யக் கேட்டுக்கேட்டு பெட்டிக்குப் பிள்ளைக்கும் எலிக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சு. நம்ம குடியிருப்புல ஏதோ ஒரு பச்சப்பிள்ளைய அது எலின்னு நினைச்சுக் காத்துக்கிட்டிருக்கு. மொதல்ல போய்ப் பெட்டிகிட்ட உண்மையச் சொல்லுங்க. அதுக்கப்புறம் திருநீறு தாரேன்."

சொல்லிவிட்டுத் திருநீற்றுத் தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க எல்லோரும் ரொம்பப் பாடுபட்டார்கள். பிறகு முதல் வரிசையிலிருந்த குடியிருப்புச் செயலாளர், போன மாதம்தான் மூடநம்பிக்கை ஒழிய வேண்டும் என்று கூட்டம் போட்டவர், பையிலிருந்து போனை எடுத்தார். அவ்வளவுதான். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள்.

ஜெனிட்டாவின் டேப்லெட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. மூஞ்சூறு. மூஞ்சூறு. அணில். மூஞ்சூறு. பூனைக்குட்டி. மூஞ்சூறு. கிளிக்குஞ்சு. வடிவு எட்டு கிலோ வந்ததா, எட்டு கிலோ வந்ததா என்று கேட்டுக் கேட்டு அந்தப் பெண்ணின் தோளையே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் பேச்சியம்மாளும் நின்றாள். பிள்ளையைத் தோளில் போட்டபடி ஒற்றைக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று வடிவு அவள் விரலையே பார்த்தாள்.

"நூறு தாண்டிட்டுக்கா," என்றாள் ஜெனிட்டா. "மூளை திரும்புது. எட்டு கிலோதான் இன்னும் வரல."

பேச்சியம்மாள் எழுதி முடித்து நிமிர்ந்தாள். திரையில் இன்னொரு மூஞ்சூறு வந்து விழுந்தது.

நூற்று நாற்பது ஆனது. வரத்து குறைந்து, நின்றே போனது. சொரிமுத்து தட்டை வெளியே எடுத்தார். ஜனங்கள் வரிசைக்கு முண்டினார்கள். வரவில்லை, அந்தத் தாய் கோவிலுக்கே வரவில்லை போலிருக்கிறது என்று வடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒலிபெருக்கிச் சத்தம் எல்லா மாடிக்கும் கேட்டிருக்கும்தானே? கேட்டும் சும்மா இருக்க ஒருவருக்கு மனசு வருமா?

"அக்கா, வந்துட்டு," என்றாள் ஜெனிட்டா. "எட்டு கிலோ. இல்லைன்னு திருத்திட்டாங்க."

"என்னன்னு போட்டிருக்கு? நாயா?"

ஜெனிட்டா திரையை அருகில் வைத்துப் படித்தாள். பிள்ளையை அவள் இரண்டு நாளும் பாப்பா என்றுதான் கூப்பிட்டாளே தவிர பேரைக் கேட்கவில்லை.

"நறுமுகைன்னு போட்டிருக்கு. இது என்ன ஜீவன்க்கா? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

வடிவு எப்படி மூன்று மாடி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. செருப்பு கோவிலிலேயே கிடந்தது. கதவு சாத்தியிருக்கவில்லை. அடுக்களையில் பலகைக்கு இந்தப் பக்கம் நயினார் தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் பிள்ளை, கையில் போன். அழுதிருக்கிறான். நறுமுகை அவன் மூக்கைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். பெட்டியில் பச்சை எரிந்தது.

வடிவு பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். கை, கால், விரல் இடுக்கு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள், ஒரு மாதம் கழித்து அதில் என்ன இருக்கப்போகிறது என்று தெரிந்தும்.

"அன்னைக்கு நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த," என்றான் நயினார், அவளைப் பார்க்காமல். "நான் உள்ள மீட்டிங்ல இருந்தேன். பிள்ள என் காலுக்கு அடியிலதான் விளையாடிட்டிருந்தா. எப்ப இங்க வந்தான்னே தெரியல. போன் கத்துச்சு. எப்பவும் போல பாக்காமலே ஆம்னு அமுக்கிட்டேன். அப்புறம்தான் இவ அலறுன சத்தம் கேட்டுச்சு. ஓடி வந்து பாத்தா தட்டு மேல உக்காந்திருக்கா."

"ஏன் அப்பவே திருத்தல?"

"திருத்தினா அது என்னன்னு கேக்கும். எழுதினா, ஷாக் அடிக்கிற அளவுக்கு எப்படி விட்டீங்கன்னு கேக்க சுகாதாரக் குழு வரும், ஒனக்குத் தெரியும். பிள்ளைய விட்டுட்டு என்ன செஞ்சிட்டிருந்தியன்னு நீ கேப்ப." அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான். "காத்துக்கிட்டிருக்கும்னு எனக்குத் தெரியாது வடிவு. நீ சொன்ன பொறவுதான் தெரியும். அதுக்கு முன்னாலயே பயத்துல இந்த இடத்த விட்டு நகரல. மூணு நாளா சொல்லிரணும் சொல்லிரணும்னு..."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. ஊரெல்லாம் கதவு தட்டி, பேச்சியிடம் ஏச்சு வாங்கி, எந்தப் பாவியோ என்று நினைத்து வயிறெரிந்தது எல்லாம் இந்த வீட்டுக்காகத்தானா? நீங்கள் ஒரு மனுஷனா என்று கேட்க வாயெடுத்தாள். ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை குறுக்கே வந்து நின்றது. அவளும் ஆம் என்றுதான் அமுக்கினாள். அவள் பார்த்துவிட்டே அமுக்கினாள்.

"நானும் ஒரு மூஞ்சூற எலின்னு சொன்னவதான்," என்றாள். சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கோபம் போகவில்லை; இன்னும் ரொம்ப நாளைக்குப் போகாது என்றும் தெரிந்தது.

அவன் கையிலிருந்த போன் சிணுங்கியது. நயினாரின் கட்டைவிரல் தானாகவே திரைக்குப் போயிற்று. வடிவு அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"படிங்க. வாய்விட்டுப் படிங்க."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். "உங்கள் திருத்தத்துக்கு நன்றி. புதிய உயிரினம் பட்டியலில் சேர்ந்தது. பெயர் நறுமுகை. எடை எட்டு கிலோ. இதை உங்கள் வீட்டில் உயிரோடு விட்டுவைக்கலாமா?"

கீழே அதே இரண்டு பொத்தான்கள் இருந்தன. இந்தத் தடவை ஆம் என்பதுதான் சரியான பதில். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தும் இருவர் விரலும் போகவில்லை. இடது பக்கம் இருப்பது ஆம்தானா, கேள்வியில் விட்டுவைக்கலாமா என்றுதான் இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவ படிங்க," என்றாள் வடிவு.

அவன் படித்தான். நறுமுகை தன் பேரைக் கேட்டு அவன் பக்கம் திரும்பிச் சிரித்தாள். வடிவு பிள்ளையை இறுக்கிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து படிக்கச் சொன்னாள்.